டேட்டா கீழே இறங்கட்டும், மேலே ஏற வேண்டாம்

கேள்வி: ஈரோட்டில் இருந்துகொண்டு மரபு அரிசியும் செக்கு எண்ணெயும் இணையத்தில் விற்கிறோம். தளம் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்தும் பிளகின் (கூடுதல் மென்பொருள்) வூகாமர்ஸ். லைவ் தளத்தை அப்படியே நகலெடுத்து, அதே சர்வரில் ஒரு டெஸ்ட் தளம் வைத்திருக்கிறோம். டிசைனர் அதில் 12 நாள் உட்கார்ந்து புது முகப்பு செய்தார். முடிந்ததும் டெஸ்ட் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து லைவில் ஏற்றினோம். அந்த 12 நாளில் வந்த ஆர்டர்கள் மொத்தமும் காணாமல் போயின. முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அன்று பகலில் வந்த சில ஆர்டர்கள் மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு டேட்டாபேஸையும் தினமும் இரவில் தானாக ஒன்றாக்க வழி உண்டா? அதற்கு நல்ல பிளகின் எது? எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

பதில்: இரு பக்கமும் ஒன்றாக்கும் பிளகினைத் தேட வேண்டாம். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும் கடையில் அது நடக்கிற காரியம் இல்லை. அந்தப் பெயரில் விற்கப்படும் கருவிகள் பலவும் கடைசியில் ஒரு பக்கத்தை எடுத்து இன்னொன்றின் மேல் கொட்டுகின்றன. நீங்கள் கையால் செய்ததும் அதுதான்.

ஏன் நடக்காது என்று பார்த்துவிடுவோம். நகல் எடுத்த அன்று, டேட்டாபேஸில் பக்கம், பொருள் எல்லாம் பதிவாகும் போஸ்ட்ஸ் டேபிளில் (அட்டவணையில்) கடைசி எண் 5120 என்று வையுங்கள். மறுநாள் டிசைனர் டெஸ்டில் 'புது வரவு' என்று ஒரு பக்கம் போடுகிறார்; அதற்கு 5121 விழுகிறது. அன்றே லைவில் ஒருவர் ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் ஆர்டர் போடுகிறார், அதற்கும் 5121. வேர்ட்பிரஸில் பக்கம், பொருள், படம், மெனுவின் ஒவ்வொரு வரி, பக்கத்தைச் சேமிக்கும்போது உருவாகும் பழைய பதிப்புகள் எல்லாமே இந்த ஒரே வரிசையில்தான் எண் வாங்குகின்றன. வூகாமர்ஸ் 8.2 வந்த 2023 அக்டோபரிலிருந்து புதிய கடைகளில் ஆர்டர்கள் தனி டேபிள்களுக்குப் போய்விட்டன. அப்போதும் எண் வாங்குவதற்காகப் போஸ்ட்ஸ் டேபிளில் ஒரு வெற்று வரி போடப்படுகிறது. ஆகவே மோதல் அப்படியே இருக்கிறது.

மோதும் எண்களை மாற்றிவிடலாமே என்று தோன்றும். போஸ்ட்மெட்டா, ஆர்டர் ஐட்டம்ஸ் போன்ற டேபிள்களில் அந்த எண் தனிக் கட்டத்தில் இருக்கிறது; அதை மாற்றலாம். ஆனால் முகப்புப் பக்கத்தின் உள்ளே, எழுத்தோடு எழுத்தாக, '4870-ஆம் பொருளை இங்கே காட்டு' என்று ஷார்ட்கோடும் (அடைப்புக்குறிக்குள் எழுதும் குறுங்கட்டளை) பேஜ் பில்டரும் (பக்கம் வடிவமைக்கும் பிளகின்) எழுதி வைத்திருக்கின்றன. எந்த 4870 பொருளின் எண், எது விலை, எது படத்தின் அகலம் என்று எந்தக் கருவிக்கும் தெரியாது.

வேர்ட்பிரஸின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில், ஒரு டேட்டாபேஸின் மாற்றங்களை இன்னொன்றுக்கு உடனுக்குடன் அனுப்பும் ரெப்ளிகேஷன் போட்டால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். லைவ் எழுதுவதை எல்லாம் டெஸ்ட் அப்படியே வாங்கிக்கொள்ளும், உண்மைதான். டெஸ்டில் நீங்கள் ஒரு பக்கத்தைச் சேமித்த பிறகு, அதே எண்ணில் லைவிலிருந்து ஒரு வரி வந்தால் 1062 என்ற பிழையோடு ரெப்ளிகேஷன் நின்றுவிடும். பார்க்க மட்டும் ஆகும் நகலுக்கு அது சரி, வேலை பார்க்கும் நகலுக்கு ஆகாது.

ஆகவே திசையைப் பிரித்துவிடுங்கள். ஆர்டர், வாடிக்கையாளர், இருப்பு, விமர்சனம் எல்லாம் லைவில் பிறப்பவை. அவை லைவிலிருந்து டெஸ்டுக்கு மட்டும் இறங்கும். தீம், பிளகின், சொந்தக் கோடு எல்லாம் டெஸ்டில் பிறப்பவை. அவை ஃபைல்களாக, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வழியாக, டெஸ்டிலிருந்து லைவுக்கு ஏறும். டேட்டாபேஸ் என்ற மூட்டை ஒருநாளும் மேலே ஏறாது. இடையில் மாட்டிக்கொள்வது செட்டிங்ஸ். அது டேட்டாபேஸுக்குள் இருக்கிறது, ஆனால் டெஸ்டில்தான் மாற்றப்படுகிறது. அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இறக்குவது. லைவ் டேட்டாபேஸுக்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசர் ஒன்று உருவாக்குங்கள். செலக்ட், லாக் டேபிள்ஸ், ஷோ வியூ, டிரிகர் ஆகிய நான்கு உரிமைகள் போதும். மைஎஸ்கியூஎல் 8.0.21 முதல் டம்ப் (டேட்டாபேஸை ஒரே ஃபைலாக எழுதும் நகல்) எடுக்க 'பிராசஸ்' உரிமையும் கேட்கும். அதைக் கொடுக்காமல் 'நோ-டேபிள்ஸ்பேசஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் போதும். டெஸ்ட் தளத்தின் யூசருக்கு லைவ் டேட்டாபேஸில் எந்த உரிமையும் இருக்கக் கூடாது. இரண்டு தளமும் ஒரே சர்வரில், ஒரே யூசரில் ஓடுவதால்தான் அவசரத்தில் ஒருவர் தவறான டேட்டாபேஸில் இம்போர்ட் செய்ய முடிகிறது.

டம்ப் கட்டளையில் 'சிங்கிள்-டிரான்சாக்ஷன்' கட்டாயம். அது இருந்தால் கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே நொடியின் படம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆர்டர் டேபிளில் இருக்கும் ஓர் ஆர்டருக்கு ஐட்டம்ஸ் டேபிளில் வரியே இல்லாமல் போகலாம். இது இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள டேபிள்களுக்கு மட்டுமே பலிக்கும். பழைய தளங்களில் மைஐசாம் என்ற வேறு முறை டேபிள்கள் இரண்டு மூன்று ஒளிந்திருக்கும், ஒருமுறை பார்த்து மாற்றிவிடுங்கள். எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். பழைய யுடிஎஃப்8 ஒரு குறிக்கு 3 பைட் வரை மட்டுமே தாங்கும். தமிழ் எழுத்து 3 பைட் என்பதால் தப்பிவிடும். வாடிக்கையாளர் விமர்சனத்தில் போட்ட எமோஜி 4 பைட், அது கேள்விக்குறியாகிவிடும். தமிழ் ஒழுங்காக வந்துவிட்டது என்று நம்பி எமோஜியைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

வூகாமர்ஸ் செஷன்ஸ் டேபிளையும், பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தும் ஆக்ஷன் ஷெட்யூலரின் ஆக்ஷன்ஸ், கிளெய்ம்ஸ், லாக்ஸ் டேபிள்களையும் அமைப்பு மட்டும் எடுங்கள், வரிகள் வேண்டாம். டம்ப் பாதியாகச் சுருங்குவதும் உண்டு. அதைவிட முக்கியம், 'நாளை காலை இந்த வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்பு' என்று காத்திருக்கும் வேலைகள் எல்லாம் அந்த ஆக்ஷன்ஸ் டேபிளில்தான் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் கிரானை (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் வசதியை) நிறுத்தும் வரியை கான்ஃபிக் ஃபைலில் போட்டுவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் டெஸ்டின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாலே ஆக்ஷன் ஷெட்யூலர் தன் வேலையைத் தானே தொடங்கிவிடும். டேபிள் காலியாக இருப்பதுதான் நம்பகமான பூட்டு.

டம்ப் ஃபைலைத் தளத்தின் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். பேக்கப் என்று பெயரிட்டுத் தளத்தின் வாசலிலேயே கிடக்கும் ஃபைலைத் தேடித் திரியும் ரோபோக்கள் ஏராளம்.

இறக்கும் இடத்தில் வரும் பிழைகளில் இரண்டை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 1273, தெரியாத கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி): லைவ் மைஎஸ்கியூஎல் 8, டெஸ்ட் அதிலிருந்து பிரிந்த மரியாடிபியின் பழைய பதிப்பு என்றால் வரும். வேர்ட்பிரஸ் தன் டேபிள்களுக்கு கொலேஷனைச் சொல்லியே உருவாக்கும். சொல்லாமல் விட்ட பிளகின் டேபிள்கள் சர்வரின் டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டிருக்கும், அதுவே காரணம். இன்னொன்று, முதல் வரியிலேயே இம்போர்ட் நின்று போவது. 2024 மே மாதம் முதல் வந்த மரியாடிபி பதிப்புகள் டம்பின் தலையில் 'சேண்ட்பாக்ஸ்' என்று ஒரு வரி சேர்க்கின்றன. மைஎஸ்கியூஎல் கருவிக்கு அது புரியாது. அந்த ஒரு வரியை நீக்கினால் போகும். இரண்டு பக்கமும் ஒரே டேட்டாபேஸ், ஒரே பதிப்பு வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலிகளே இல்லை.

இம்போர்ட்டுக்கு முன் டெஸ்டின் பழைய டேபிள்களை மொத்தமாக அழித்துவிடுங்கள். மேலேயே கொட்டினால், லைவில் இல்லாத பிளகின் டேபிள்கள் டெஸ்டில் மிச்சமிருந்து, டெஸ்டில் ஓடுவது லைவில் ஓடாது. டெஸ்டின் டேபிள் முன்னொட்டு லைவோடு ஒன்றாகவே இருக்கட்டும். முன்னொட்டை மாற்றினால் ஆப்ஷன்ஸில் உள்ள யூசர் ரோல்ஸ் வரியின் பெயரையும் யூசர்மெட்டாவில் கேபபிலிடீஸ் பெயர்களையும் கூடவே மாற்ற வேண்டும். மறந்தால் அட்மினே உள்ளே போக முடியாமல், அனுமதி இல்லை என்று வாசலில் நிற்பார்.

இனி முகவரி மாற்றம்: இறங்கிய டேட்டாபேஸில் இருக்கும் லைவ் முகவரியை டெஸ்ட் முகவரியாக்குவது. அதிகம் கெடுவது இங்கேதான். டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் ஒரு ரீப்ளேஸ் கட்டளை, அல்லது டம்ப் ஃபைலை எடிட்டரில் திறந்து 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' என்று செய்தால், தளம் திறக்கும். விட்ஜெட்டுகள் போயிருக்கும், தீம் அமைப்புகள் வெறுமையாக இருக்கும். காரணம் இது. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சீரியலைஸ் செய்து, அதாவது பல மதிப்புகளை ஒரே எழுத்து வரியாகக் கட்டி, வைக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். லைவ் முகவரி 19 எழுத்து என்றால் 'எஸ்:19' என்று இருக்கும். டெஸ்ட் முகவரியில் 'டெஸ்ட்' என்ற ஆங்கில எழுத்து நான்கும் ஒரு புள்ளியும் கூடுகின்றன, ஆகவே 24. முகவரி மாறி, முன்னால் நிற்கும் 19 மாறாவிட்டால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அந்த மூட்டை முழுவதையும் செல்லாது என்று தள்ளிவிடும்.

சிலர் எண்ணைக் கையால் திருத்தப் பார்ப்பார்கள். அந்த எண் எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறி. சேமிக்கப்படுவது 21 பைட். அங்கே 5 என்றோ 7 என்றோ போட்டால் அந்த அமைப்பு போயிற்று.

வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ-யின் 'சர்ச்-ரீப்ளேஸ்' கட்டளை இந்த நீளங்களைத் தானே திருத்திக்கொள்ளும். முதலில் 'டிரை-ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எந்த டேபிளில் எத்தனை மாற்றம் என்று பாருங்கள். போஸ்ட்ஸில் சில நூறு வரும் இடத்தில் பூஜ்யம் வந்தால், நீங்கள் கொடுத்த முகவரியில் 'எஸ்' இல்லாத எச்டிடிபி அல்லது கூடுதல் டபிள்யூ இருக்கிறது. 'ஜியூஐடி' என்ற நெடுவரிசையைத் தவிர்க்கச் சொல்லுங்கள்; அது அடையாளம், முகவரி போலத் தெரிவதோடு சரி. முன்னொட்டு இல்லாத பிளகின் டேபிள்களும் இருந்தால் 'ஆல்-டேபிள்ஸ்' சேருங்கள். எலிமென்டார் என்ற பேஜ் பில்டரைப் பயன்படுத்தினால் இன்னொரு சுற்று தேவை. அது பக்கத்தை ஜேசான் என்ற எழுத்து வடிவில் வைக்கிறது. அங்கே முகவரியின் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு இருக்கும். முதல் சுற்றில் அது சிக்காது. எலிமென்டாரின் கருவிகள் பகுதியிலேயே முகவரி மாற்ற ஒரு வசதி உண்டு, அதைப் பயன்படுத்தி சிஎஸ்எஸ்ஸையும் மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள்.

டெஸ்டின் கான்ஃபிக் ஃபைலில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை சில உண்டு. ஹோம், சைட்யூஆர்எல் இரண்டும் டெஸ்ட் முகவரியாக. என்விரான்மென்ட் டைப் 'ஸ்டேஜிங்' என்று, இது வேர்ட்பிரஸ் 5.5 முதல் இருக்கிறது. வெளியே போகும் எச்டிடிபி கோரிக்கைகளை மொத்தமாகத் தடுத்து, தேவையான ஒன்றிரண்டு முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் வரிகள். ஃபைலில் இருப்பதால் எத்தனை முறை டேட்டாபேஸ் மாறினாலும் இவை அசையாது. மின்னஞ்சலை 'ப்ரீ டபிள்யூபி மெயில்' ஃபில்டரில் நிறுத்தும் நாலு வரிக் கோடை, எப்போதும் தானாக ஓடும் 'மஸ்ட்-யூஸ்' பிளகின் ஃபோல்டரில் வையுங்கள். வேர்ட்பிரஸைத் தாண்டி நேரடியாக கர்ல் நிரல் வழியே பேசும் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் பிளகின்களை இந்தத் தடைகள் பிடிக்காது; அவற்றை டெஸ்டில் டீஆக்டிவேட் செய்வதுதான் வழி.

தளத்தைக் கட்டணச் சேவையோடு இணைக்கும் கட்டணச் சாவி தனி எச்சரிக்கைக்கு உரியது. அந்தச் சேவை ரேசர்பே என்றால் டெஸ்ட் சாவியின் பெயரிலேயே 'டெஸ்ட்' இருக்கும், லைவ் சாவியில் 'லைவ்'. சாவிகள் ஆப்ஷன்ஸ் டேபிளில் இருப்பதால், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டெஸ்டின் சாவி அழிந்து லைவ் சாவி வந்து உட்காரும். அடுத்து டிசைனர் 'சும்மா சோதித்துப் பார்க்கிறேன்' என்று ஓர் ஆர்டர் போட்டால், உண்மைப் பணம் போகும். இறக்கும் ஸ்கிரிப்டின் கடைசியில் டெஸ்ட் சாவியைப் போடும் வரி இருந்தே ஆக வேண்டும்.

வாடிக்கையாளர் விவரங்களை மறைப்பதும் அதே ஸ்கிரிப்டின் வேலை. டிசைனருக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் எதற்கு? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பொய் மின்னஞ்சல் போடாதீர்கள். மின்னஞ்சலை வைத்து ஆளைத் தேடும் இடங்களில் யாரோ ஒருவர் கணக்கே எல்லாருக்கும் வரும். பயனர் எண்ணைச் சேர்த்து, 'இன்வேலிட்' என்று முடியும் டொமைனில் போடுங்கள். அந்த முடிவு இதற்கென்றே ஒதுக்கப்பட்டது, எந்தக் கடிதமும் போய்ச் சேராது. யூசர்ஸ், யூசர்மெட்டாவில் பில்லிங், ஷிப்பிங் வரிகள், ஆர்டர் அட்ரஸஸ், ஆர்டர்ஸ் டேபிளின் பில்லிங் மின்னஞ்சல், ஐபி முகவரி, கஸ்டமர் லுக்கப், கமென்ட்ஸ், தொடர்புப் படிவ பிளகினின் டேபிள் எல்லாவற்றையும் தொடுங்கள். வாடிக்கையாளரின் லாகின் பெயரே சில தளங்களில் மின்னஞ்சலாக இருக்கும், அதையும். கடவுச்சொல் ஹேஷை (கடவுச்சொல்லின் மறைகுறியை) காலியாக்குங்கள். பின்கோடை மட்டும் விட்டுவிடுங்கள். 638-இல் தொடங்கும் பின்கோடுக்கு ஒரு கட்டணம், மற்றதற்கு ஒன்று என்று டெலிவரி அமைத்திருந்தால் அதைச் சோதிக்க அது வேண்டும்.

இப்போது மேலே ஏற்றுவது. முகப்பு மாற்றத்தில் தீம் ஃபைல்கள் கிட்டில் போய்விடும். மெனு, விட்ஜெட், டெலிவரி கட்டணம், பிளகின் அமைப்பு ஆகியவற்றுக்கு டிசைனர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டே வர வேண்டும். டெஸ்டில் ஒரு பெட்டியைக் கிளிக் செய்து மாற்றினால், அதே மாற்றத்தைச் செய்யும் டபிள்யூபி-சிஎல்ஐ வரியை ஃபைலில் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் பலன் இதில் இருக்கிறது: வெளியிடுவதற்கு முந்தின நாள் லைவிலிருந்து புதிய நகலை டெஸ்டுக்கு இறக்கி, அதன் மேல் அந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். 12 நாள் வேலையும் சில நிமிடங்களில் மறுபடி அப்படியே வந்தால், லைவிலும் வரும். ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேயே தெரியும். வாடிக்கையாளருக்கு முன்னால் தெரியாது. ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாத டிசைனர் என்றால், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதச் சொல்லி, லைவில் கையால் செய்யுங்கள். அதுவும் டேட்டாபேஸை ஏற்றுவதைவிட மேல்.

ஆப்ஷன்ஸ் டேபிளை மட்டும் தனியாக ஏற்றினால் போதுமே என்று ஒரு குறுக்கு வழி சொல்லப்படும். அதில் கிரான் பட்டியல், தற்காலிக மதிப்புகள், சாவிகள், தள முகவரி எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. வேண்டாம்.

புதிய பக்கங்கள் நாலைந்து இருந்தால் வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட், இம்போர்ட் கருவியே போதும். எண் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் அது புது எண் கொடுத்துக்கொள்ளும். படங்களை அது டெஸ்ட் தளத்திலிருந்து இறக்க முயலும். டெஸ்டுக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டிருந்தால் படம் வராது. அந்த ஐந்து நிமிடம் பூட்டைத் திறந்து வையுங்கள். அதே தலைப்பும் அதே தேதியும் உள்ள பக்கம் லைவில் இருந்தால், இருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிடும், ஆகவே பழைய முகப்பைத் திருத்திய பதிப்பு இந்த வழியில் வராது.

டெஸ்டின் போஸ்ட்ஸ் எண்ணை 10,00,000-இலிருந்து தொடங்கச் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. எது டெஸ்டில் பிறந்தது என்று பார்த்தவுடன் தெரியும், அதற்கு நல்லது. அந்த எண்ணோடு வரியை லைவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அடுத்த ஆர்டரின் எண் 10,00,000-க்கு மேல் தாவிவிடும்.

வெளியிடும் நேரத்தை ஆர்டர் குறைந்த வேளையாகத் தேர்ந்தெடுங்கள். பேக்கப் எடுத்து, மெயின்டெனன்ஸ் மோடு போட்டு, ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அந்த மோடு 10 நிமிடத்தில் தானாக விலகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வேலை நீளும் என்றால் வெப் சர்வரிலேயே மூட வேண்டும். முடிந்ததும் அந்த நேரத்தில் கட்டணத் தளத்தில் வெற்றி என்று பதிவானவற்றையும் கடையின் ஆர்டர்களையும் ஒப்பிடுங்கள். பணம் கட்டிவிட்டுத் திரும்பும் வழியில் மூடிய கதவைப் பார்த்தவர் ஒருவர் இருக்கலாம்.

இரண்டு தளமும் ஒரே சர்வரில் என்று எழுதியிருக்கிறீர்கள். ரெடிஸ் கேஷ் (டேட்டாபேஸ் பதில்களை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் கருவி) போட்டிருந்தால் இன்றைக்கே பாருங்கள். இரண்டும் ஒரே ரெடிஸை, வேறு வேறு முன்னொட்டு இல்லாமல் பயன்படுத்தினால், டெஸ்டின் ஆப்ஷன்ஸ் லைவில் வந்து நிற்கும். வாடிக்கையாளர் லைவ் முகவரியைத் தட்டி டெஸ்டில் போய் இறங்குவார். டேட்டாபேஸில் எவ்வளவு தேடினாலும் தவறு தெரியாது, ஏனென்றால் தவறு அங்கே இல்லை. கான்ஃபிக் ஃபைலில் ரெடிஸ் முன்னொட்டை ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக வையுங்கள். இறக்கி முடித்ததும் டெஸ்டின் கேஷைக் காலி செய்ய மறக்காதீர்கள்.

போன அந்தப் பகல் ஆர்டர்கள் பற்றி: உங்களுடையது சொந்த சர்வரும் மைஎஸ்கியூஎல் 8-உம் என்றால் பைனரி லாக் (டேட்டாபேஸில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) டீஃபால்ட்டாக ஓடிக்கொண்டிருக்கும், 30 நாள் வரை இருக்கும். இரவு பேக்கப்பைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி, பேக்கப் எடுத்த நேரம் முதல் டெஸ்ட் டேட்டாபேஸை ஏற்றத் தொடங்கியதற்கு முந்தைய நொடி வரையிலான லாக்கை 'மைஎஸ்கியூஎல்பின்லாக்' கருவியால் ஓட்டினால் அந்த ஆர்டர்கள் அப்படியே கிடைக்கும். லாக்கில் லைவ் டேட்டாபேஸின் பெயரே இருக்கும். 'ரீரைட்-டிபி' ஆப்ஷனில் அதைத் தனி டேட்டாபேஸின் பெயராக மாற்றாமல் ஓட்டினால் எல்லாம் லைவின் மேலேயே விழும். லைவின் மேல் வைத்து ஓட்டாதீர்கள். தனியே எடுத்து, விடுபட்டவற்றைக் கடையில் புது ஆர்டராகப் போடுங்கள். மரியாடிபியில் இந்த லாக் டீஃபால்ட்டாக இருக்காது. பகிர்வு ஹோஸ்டிங்கில் கையில் கிடைக்காது. அப்படியானால் கட்டணத் தளத்தின் பட்டியலும், கடை உரிமையாளருக்கு வந்த 'புதிய ஆர்டர்' மின்னஞ்சல்களும்தான் கைவசம் உள்ளவை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களுக்கு மின்னஞ்சல் மட்டுமே சாட்சி.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டிருந்தீர்கள். தினமும் இரவு தேவையில்லை. டிசைனர் பாதி செய்த வேலையை விடியும்போது அழித்துவிடும். ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போது ஒன்று, வெளியிடுவதற்கு முந்தின நாள் ஒன்று. வேலை இரண்டு வாரத்தைத் தாண்டினால் நடுவிலும் ஒன்று. இறக்கும் முன் டிசைனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர் ஸ்கிரிப்டில் எழுதாத மாற்றம் ஏதாவது டெஸ்டில் கிடக்கிறதா என்று.